16ஆவது இடம் யாருக்கு? ஹொக்கி அணித் தெரிவில் ஒரு சிக்கல்

வாவிக்கரை (கல்லடி) கேட்டது:

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் கழகத்தின் ஆண்கள் ஹொக்கி அணி அடுத்த மாதம் ஒரு சுற்றுப்போட்டிக்காகக் கொழும்புக்குப் போகிறது. 18 பேரைப் பதிவதற்கு விதியில் இடமுண்டு என்றாலும், வாடகைக்குப் பேசிய வானில் பயிற்றுநரும், முகாமையாளர் என்ற பெயரில் நானும் ஏறிய பிறகு 16 பேருக்கே இருக்கை மிஞ்சுகிறது. இரண்டாவது வாகனத்துக்குக் கழகத்தில் பணமில்லை. ஆகவே எங்கள் அணியின் அளவைத் தீர்மானித்தவர் வான்காரர்தான்.

15 பெயர்கள் பற்றித் தெரிவுக் குழுவில் எவருக்கும் மறுபேச்சில்லை. கடைசி இடத்துக்குத்தான் மூன்று கிழமைகளாக இழுபறி. ஒருவர் 34 வயதான அண்ணர். பெனால்ட்டி கோர்னரில் (எதிரணி தன் கோலருகே தவறு செய்தால் நமக்குக் கிடைக்கும் அடி வாய்ப்பு) அவர் அடித்தால் பந்து கோலின் அடிப்பலகையில் மோதும் சத்தம் வீதிவரை கேட்கும், ஆனால் வேலை காரணமாகக் கிழமையில் ஒரு நாள்தான் பயிற்சிக்கு வருகிறார், ஒரு காற்பகுதியின் 15 நிமிடங்களை முழுதாக ஓடி முடிக்கவும் அவரால் இயலாது. இன்னொருவர் இரண்டாவது கோல் காப்பாளர். குறை சொல்ல எதுவுமில்லை, ஆயினும் முதலாமவர் நலமாக இருக்கும்வரை மைதானத்தில் கால் வைக்கமாட்டார். மற்றவர் உயர்தரம் படிக்கும் 17 வயதுத் தம்பி. பந்து அவருடைய மட்டையில் ஒட்டிக்கொண்டதுபோல் ஓடும், மூன்று பேரை வெட்டிக்கொண்டு போய் நான்காமவரிடம் பறிகொடுத்துவிட்டு நிற்பார்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியா கொண்டுபோன 16 பேரில் ஸ்ரீஜேஷ் ஒருவரே கோல் காப்பாளர். அங்கே இந்தியா போட்ட 15 கோல்களில் 10, கோர்னர் அடிப்பவரான ஹர்மன்பிரீத் சிங்குடையவை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கோல் காப்பாளரை விட்டுவிட்டு கோர்னர் அடிக்கும் அண்ணரைக் கொண்டுபோவதே சரியென எனக்குப் படுகிறது. உங்கள் கருத்து என்ன?

கச்சான்காற்று (ஆரையம்பதி):

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. எடுத்த முடிவுதான் பிழை.

பாரிஸில் ஒவ்வோர் அணியும் 16 பேருக்கு மேலதிகமாக மூவரை வைத்திருந்தது. இந்தியாவின் அந்த மூவரில் ஒருவர் கிருஷன் பகதூர் பாதக் என்ற கோல் காப்பாளர். ஸ்ரீஜேஷுக்குக் காயம் பட்டிருந்தால் பாதக் கையுறையை மாட்டிக்கொண்டு வந்திருப்பார். உங்களுடைய பாதக் எங்கே இருப்பார்? கல்லடிப் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்.

ஹர்மன்பிரீத்தின் கதையும் அப்படித்தான். அவர் கோர்னர் அடிப்பதற்கு மட்டும் இறக்கப்படும் ஆள் அல்லர். அணித் தலைவர், பின்வரிசையின் தூண், ஆட்டத்தின் பெரும்பகுதி களத்தில் நிற்பவர். ஸ்பெயினுக்கு எதிரான வெண்கலப் பதக்க ஆட்டத்தில் இந்தியாவின் இரண்டு கோல்களையும் போட்டவர், அதே ஆட்டத்தில் தன் டியையும் (கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டம்) காத்துக்கொண்டிருந்தார். உங்கள் அண்ணர் கோர்னர் கிடைக்கும்வரை வாங்கில் உட்கார்ந்திருக்கவேண்டியவர். கோர்னர் கிடைத்த பிறகு அவரை இறக்கலாம் என்று நினைத்திருந்தால் விதியை ஒருமுறை பாருங்கள். ஹொக்கியில் எத்தனை தடவையும் ஆள் மாற்றலாம், ஆனால் பெனால்ட்டி கோர்னர் கொடுக்கப்பட்டதிலிருந்து அது முடியும்வரை மாற்ற முடியாது. தடுக்கும் அணியின் கோல் காப்பாளர் காயம்பட்டாலோ இடைநிறுத்தப்பட்டாலோ மட்டுமே விலக்கு. அந்த நேரத்தில் அவர் உள்ளே நின்றிருந்தால்தான் அடிக்கலாம்.

கடைசி இடத்தை ஏனோதானோ என்று நிரப்பவேண்டாம் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக்கே சாட்சி. முதலில் அறிவித்த 16 பேரில் சிம்ரன்ஜீத் சிங் இல்லை. கொரோனாக் காலம் என்பதால் மேலதிக வீரர்களையும் ஆட்டத்துக்கு ஆட்டம் தெரிவுசெய்ய அனுமதித்தார்கள். அப்படி உள்ளே வந்தவர், 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி ஜேர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா பதக்கம் பெற்ற ஆட்டத்தில் இரண்டு கோல்கள் போட்டார். என் வாக்கு அந்த 17 வயதுத் தம்பிக்கு.

சாகாமம் வீதி (அக்கரைப்பற்று):

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம்.

கோர்னர் அடிப்பவரைப் பற்றி மட்டும் பேசுகிறோம். கோர்னர் ஒருவருடைய வேலையா? கோல் கம்பத்திலிருந்து 10 மீற்றர் தள்ளி எல்லைக்கோட்டில் நின்று பந்தைத் தள்ளிவிடுபவர் ஒருவர், டிக்கு வெளியே அதை அசையாமல் நிறுத்துபவர் ஒருவர், பிறகுதான் அடிப்பவர். முன்னிருவரில் ஒருவர் சொதப்பினால் மூன்றாமவர் எவராக இருந்தாலும் பயனில்லை. நெருஞ்சி முளைத்த நம் மைதானங்களில் பந்து துள்ளி வருவதால், நிறுத்தும் வேலையில் கைதேர்ந்தவர்கள் நம் பக்கத்தில் மிகக் குறைவு. கொழும்பின் செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். துள்ளாது, ஆனால் வேகம் இரண்டு மடங்கு. அங்கே விளையாடிப் பழகிய மாத்தளை, கண்டிப் பிள்ளைகளுக்கு அது கைப்பழக்கம், நமக்கு அன்று காலையில்தான் அறிமுகம்.

இன்னொன்று. அண்ணர் அடிப்பது பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டும் ட்ராக் ஃப்ளிக்கா, ஓங்கி அடிக்கும் அடியா? ஓங்கி அடிப்பதாக இருந்தால் முதல் அடி கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீற்றருக்கு மேல் உயரக்கூடாது, அதாவது பலகையின் உயரம். வீதிவரை கேட்கும் சத்தத்தைக் கோல் காப்பாளரும் கேட்பார். பந்து கீழேதான் வரப்போகிறது என்று தெரிந்தால் படுத்தே மறித்துவிடுவார். ஃப்ளிக் என்றால் உயரத்துக்குக் கட்டுப்பாடில்லை, மதிப்பும் வேறு.

அடிப்பவரைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் குழுவிடம் ஒரு கேள்வி: எதிரணிக்குக் கோர்னர் கிடைக்கும்போது முதலாவதாகப் பாய்ந்து ஓடப்போகிறவர் யார்? கோல் காப்பாளரோடு சேர்த்து ஐவர்தான் கோல் கோட்டுப் பக்கம் நிற்கலாம். அவர்களில் அடிப்பவரின் மட்டையை நோக்கி நேராக ஓடுகிற ரஷ்ஷர் இல்லாவிட்டால் மற்ற நால்வரும் பார்வையாளர்கள். பாரிஸில் இந்தியாவுக்கு அந்த வேலையைச் செய்தவர் அமித் ரோஹிதாஸ். பிரித்தானியாவுக்கு எதிரான காலிறுதியின் 17ஆவது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டினார்கள். மீதி ஆட்டம் முழுவதையும் 10 பேரோடு தாக்குப்பிடித்து, 1-1 என்று முடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றதை எல்லாரும் கொண்டாடினோம். ஆனால் விலை அரையிறுதியில்தான் தெரிந்தது. தடை பெற்றவருக்குப் பதிலாக எவரையும் சேர்க்க முடியாமல் இந்தியா 15 பேரோடு இறங்கியது. ஜேர்மனியின் பெய்லாட் கோர்னரில் ஒரு கோல் போட்டார். 3-2 என்று தோல்வி. ரோஹிதாஸ் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அவருடைய இடத்தை நிரப்ப இன்னொருவர் இல்லை என்பதை மட்டும் அன்று எல்லாரும் கண்டோம்.

கம்பத்தடி (செங்கலடி):

நான் 12 வருடங்கள் கோல் காத்தவன். ஆகவே பக்கச்சார்பாகத்தான் எழுதுகிறேன்.

இரண்டாவது கோல் காப்பாளர் ஒரு நிமிடமும் இறங்கமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறை எனக்கு முழங்கால் பிசகியபோது எங்களிடம் இரண்டாமவர் இல்லை. என் வியர்வையில் நனைந்த பேட்டுகளைப் பின்வரிசைக்காரர் ஒருவருக்குக் கட்டிவிட்டோம். பாவம், எந்தக் கையால் தடுப்பது என்று தெரியாமலே எட்டு நிமிடங்களில் மூன்று கோல்களை வாங்கினார். 2019க்கு முன்பு தலைக்கவசமும் வேறு நிறச் சட்டையும் அணிந்த ஒரு சாதாரண வீரரைக் கோல் காப்பாளரின் உரிமைகளோடு நிறுத்தலாம், அதை எடுத்துவிட்டார்கள். இப்போது முழு உபகரணத்தோடு ஒருவர், இல்லையேல் பதினொருவரும் வெறும் வீரர்கள். சமநிலையில் முடிந்து ஷூட்-அவுட் வந்தால் 23 மீற்றர் கோட்டிலிருந்து எட்டு விநாடிக்குள் ஓடி வருகிற ஐந்து பேரை யார் மறிப்பது? உங்கள் 34 வயது அண்ணரா?

வாவிக்கரை:

அனைவருக்கும் நன்றி. சாகாமம் வீதி நானாவின் கேள்விக்குப் பதில் எழுதுவதற்காக 15 பேரின் பட்டியலை மறுபடியும் விரித்துப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஒரு கோல் காப்பாளர், நால்வர் பின்வரிசை, ஐவர் நடுவரிசை, ஐவர் முன்வரிசை. முன்வரிசை ஐவரில் மூவர் ஒரே வேலையைச் செய்பவர்கள்: இடப்பக்கத்தில் பந்துக்காகக் காத்திருப்பவர்கள். அவர்களுடைய பெயர்கள் வந்தபோது எவரும் வாய் திறக்காததற்குக் காரணம், மூவரும் சென்ற வருடம் கோல் போட்டவர்கள். ரஷ்ஷர் என்று தனியாக எவருமில்லை. யாருக்கு மனம் வருகிறதோ அவர் ஓடுகிறார், சில சமயம் எவருக்கும் வருவதில்லை.

அண்ணர் அடிப்பது ஓங்கி அடிக்கும் அடிதான். அவருக்குப் பந்தை நிறுத்திக்கொடுப்பவர் நடுவரிசையில் இருக்கும் எங்கள் உப தலைவர். நேற்று அவரிடம் பேசியபோது, கட்டார் விசா வந்துவிட்டது, இம்மாதக் கடைசியில் பயணம் என்றார். இரண்டு கிழமைகளுக்கு முன்பே தெரியுமாம். குழுவில் எவரும் கேட்கவில்லை, ஆகவே சொல்லவில்லை என்றார்.

வெளிச்சவீடு (முகத்துவாரம்):

அப்படியானால் இப்போது உங்களிடம் இருப்பது 14 பெயர்கள், இரண்டு இடங்கள்.

கச்சான்காற்று அண்ணருடைய வாக்கும் என்னுடையதும் ஒரே ஆளுக்குத்தான், காரணம் வேறு. அந்தத் தம்பியின் வெட்டி ஓடும் திறமைக்காக நான் அவரைக் கேட்கவில்லை. அந்தத் திறமை இன்றைய நிலையில் உங்களுக்குப் பந்தை இழந்து கொடுக்கிறது. அவருக்கு வேகம் இருக்கிறது, நான்காமவரிடமும் போய் மோதுகிற துணிவு இருக்கிறது. ரஷ்ஷருக்கு வேண்டியது அதுதான். முகக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு மூன்றும் இல்லாமல் மட்டும் அவரை ஓடவிடாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளை, பெற்றோருக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

இளையவர்களைச் சேர்ப்பது நல்ல மனம் படைத்தவர்களின் வேலை என்று நம் கழகங்களில் நினைக்கிறார்கள். ஹர்மன்பிரீத்தை 78 இலட்சம் இந்திய ரூபாவுக்கு ஏலத்தில் எடுத்த ஹொக்கி இந்தியா லீக்கிலேயே, ஒவ்வோர் அணியின் 24 பேரில் நான்கு இளைய வீரர்கள் கட்டாயம் என்று விதி வைத்தார்கள். அங்கே விதி வைத்துச் செய்ததை நமக்கு விசா அலுவலகம் செய்துவைக்கிறது. 25 வயதைத் தாண்டியவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்று தெரியாத ஊரில், 17 வயதுக்காரரை இரண்டு வருடங்கள் வாங்கில் வைத்துப் பழக்குவதற்கு நமக்கு நேரமில்லை. அவருக்கும் உயர்தரப் பரீட்சை முடிந்தால் பல்கலைக்கழகமோ வேலையோ வந்துவிடும்.

மற்ற இடம் கோல் காப்பாளருக்கு. அண்ணரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

சாகாமம் வீதி:

வெளிச்சவீடு சொன்னதில் முதல் பாதிக்கு உடன்படுகிறேன், இரண்டாம் பாதிக்கு இல்லை. இடப்பக்கத்து மூவரில் ஒருவரைக் குறைத்தால் மூன்றாவது இடமும் கிடைக்கும். தம்பி, கோல் காப்பாளர், அண்ணர் மூவரையும் ஏற்றலாம். நிறுத்துவதற்கு வேறொருவரைப் பழக்க ஒரு மாதம் போதும். நாளொன்றுக்கு 50 பந்துகள், சீமெந்துத் தரையில் தள்ளிவிட்டுப் பழகட்டும். கொழும்புத் தரையின் வேகத்துக்கு மிகக் கிட்டவாக நம் ஊரில் கிடைப்பது அதுதான்.

கச்சான்காற்று:

சென்ற வருடம் கோல் போட்டவரை இறக்கிவிட்டு, கிழமைக்கு ஒரு நாள் வருபவரை ஏற்றினால், மற்ற இருவரும் பயிற்சிக்கு எதற்காக வரவேண்டும்? நானாவின் கணக்கு தாளில் சரி. வானுக்குள் எட்டு மணித்தியாலம் ஒன்றாக இருக்கப்போகிறவர்கள் அவர்கள்.

வாவிக்கரை:

நேற்றிரவு குழு கூடியது. தம்பியும் இரண்டாவது கோல் காப்பாளரும் உறுதி. ரஷ்ஷர் வேலையைப் பயிற்றுநர் சொன்னதும் தம்பியின் முகம் கொஞ்சம் வாடியது. கோல் போடுவதற்காக வந்த பிள்ளை. முகக்கவசத்தைக் கையில் கொடுத்த பிறகு அதைக் கழற்றவே இல்லை.

இடப்பக்கத்து மூவரைப் பற்றிய பேச்சு சண்டையில் முடிந்தது. ஆகவே சனிக்கிழமை மாலை 20 கோர்னர்கள் வைத்துப் பார்ப்பதென்று ஒத்துக்கொண்டோம். அந்த மூவரும் மாறி மாறிப் பந்தை நிறுத்தவேண்டும், அண்ணர் அடிக்கவேண்டும், எதிரே தம்பி ஓடுவார். நிறுத்தத் தெரிந்தவருக்கு இடம் உறுதி. 20இல் எத்தனை உள்ளே போகின்றன என்பதைப் பார்த்து அண்ணரின் விடயம் பேசப்படும். அவரிடம் நேரில்தான் போய்ச் சொன்னேன்; சனிக்கிழமை இரவு வேலை என்றார், மாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன் என்றும் சொன்னார்.

இரண்டு கோல் காப்பாளர்களின் பைகளையும் கூரையில் கட்ட வான்காரர் சம்மதித்துவிட்டார். மழை வந்தால் படங்கு எங்களுடைய பொறுப்பாம்.