தூத்துக்குடித் தோணி மாடல்: பலகை ஒட்டும்போது பிளக்கிறது, வழி சொல்லுங்கள்

செல்லூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். மதுரை செல்லூரில் இருக்கிறேன். எங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு 82 வயது. சின்ன வயதில் தூத்துக்குடியில் தோணி வேலைக்குப் போனவர், பாய் விரித்துக் கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போன காலம் அது. இப்போது எங்களோடுதான் இருக்கிறார், கடலைப் பார்த்தே பல வருஷம் ஆகிறது. அவர் கட்டிலுக்கு எதிரே அந்தத் தோணியை ஒரு மாடலாகச் செய்து வைக்க வேண்டும் என்று பிப்ரவரியிலிருந்து வேலை செய்கிறேன்.

100 அடித் தோணி, 1:50 அளவு, அதாவது 61 செ.மீ. நீளம். 4 மி.மீ. பிளைவுட்டில் ஏராவும் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) 9 குறுக்குச் சட்டங்களும் வெட்டி நிறுத்திவிட்டேன். பலகைக்கு மரக்கடையில் தேக்கு வாங்கி 2 மி.மீ. கனம், 6 மி.மீ. அகலத்தில் பட்டை அறுத்தேன். நடுப்பகுதியில் ஒழுங்காக ஒட்டுகிறது, முன்பக்கம் வளைக்கப் போனால் பிளந்துவிடுகிறது. தண்ணீரில் ஊறவைத்து ஈரத்தோடே ஒட்டிப் பார்த்தேன், உட்கார்ந்தது, ஆனால் கத்திரி வெயில் ஆரம்பித்ததும் பட்டைக்குப் பட்டை இடைவெளி விட்டுவிட்டது. இன்னொன்று, மேலே இருந்து பார்த்தால் ஏராவே ஒரு பக்கம் கோணியிருக்கிறது. வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை, போட்டோ பார்த்துத்தான் சட்டங்களை வரைந்தேன். இதைத் தொடரலாமா, பிரித்துவிட்டு முதலிலிருந்து வரலாமா?

திருமங்கலம் பட்டறை

தம்பி, முதலில் மரத்தை மாற்றுங்கள். தேக்கு நிஜக் கப்பலுக்கு ராஜா, ஆனால் 1:50-இல் அதன் ரேகை பெரிசு பெரிசாகத் தெரியும், மெல்லிசாக அறுத்து வளைத்தால் ரேகையோடு பிளக்கும். வெட்பாலை கிடைத்தால் விடாதீர்கள். சென்னபட்டணத்துப் பொம்மைகள் கடைகிற மரம் அதுதான், வெள்ளையாக, நெருக்கமான ரேகையோடு இருக்கும். மஞ்சக்கடம்பும் நல்லது. அப்புறம் கனம். 2 மி.மீ. என்றால் நிஜத்தில் 10 செ.மீ. பலகை, அது வளைய மாட்டேன் என்பதில் ஆச்சரியமே இல்லை. 1 மி.மீ. போதும்.

பிளவுக்கு முக்கியமான காரணம் வேறு. பட்டை தட்டைப் பக்கமாக வளையும், விளிம்புப் பக்கமாக வளையாது. ஒரே அகலப் பட்டையை முன்னால் கொண்டு போனால் அது மேலே ஏறப் பார்க்கும், நீங்கள் கீழே அழுத்துவீர்கள், பிளக்கும். நடுச் சட்டத்தில் ஏராவிலிருந்து மேல் விளிம்பு வரை ஒரு காகித நாடாவைச் சுற்றி அளந்து பாருங்கள். உதாரணத்துக்கு 110 மி.மீ. வருகிறது, 5 மி.மீ. பட்டை 22 வேண்டும். அதே நாடாவை முன்பக்கக் கடைசிச் சட்டத்தில் வைத்தால் 66 மி.மீ.தான் இருக்கும். அந்த 22 பட்டையும் அங்கே 3 மி.மீ. ஆக ஒடுங்க வேண்டும், ஒவ்வொன்றையும் இழைத்து ஒடுக்கித்தான் ஒட்ட வேண்டும். பாதி அகலத்துக்கும் கீழே போகிற நிலை வந்தால் ஒடுக்காதீர்கள், அங்கே இரண்டு பட்டைகளை ஒன்றாக முடித்துவிடுங்கள்.

ஊறவைப்பது சரி, ஈரத்தோடு ஒட்டியதுதான் தப்பு. மரம் காயும்போது நீளத்தில் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும், உங்கள் இடைவெளி முழுக்க அதுதான். சுடுதண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, சட்டத்தின் மேல் கிளிப் போட்டு இறுக்கி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் கழற்றி அப்புறம் பசை வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இது ரொம்ப முக்கியம். இடதில் ஒரு பட்டை ஒட்டினால் உடனே வலதில் ஒன்று. ஒரு பக்கத்தையே நாலைந்து பட்டை ஒட்டிக்கொண்டு போனால் அந்த இழுப்பில் ஏரா கோணத்தான் செய்யும். 61 செ.மீ.க்கு 9 சட்டமும் குறைவு, 15 ஆவது வேண்டும். முன்னாலும் பின்னாலும் சட்டங்களுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரத்தின் கட்டை வைத்து இழைத்துவிட்டால் பட்டை உட்கார நல்ல இடம் கிடைக்கும்.

முத்துநகர்வாசி

பட்டறை அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் செல்லூர்த் தம்பி, சட்டத்தின் வடிவமே தப்பாக இருந்தால் பலகை எவ்வளவு நன்றாக ஒட்டியும் அது தாத்தாவின் தோணியாக இருக்காது. போட்டோவில் வயிறு தெரியாது, தண்ணீருக்குக் கீழே இருக்கிறது.

இங்கிலாந்துக் கப்பல்களுக்குக் கடற்படை வரைபடங்கள் இருக்கின்றன. நம் தோணிக்கு அப்படி இல்லை, ஓடாவி, அதாவது தோணி கட்டும் தச்சர், கையிலும் கண்ணிலும் அளவை வைத்துக்கொண்டு கட்டியது. 19-ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி சோழமண்டலக் கரைப் படகுகளை அளந்து வரைந்திருக்கிறார், அதில் தோணியும் உண்டு. அழகான வரைபடம், ஆனால் அதை எடுத்து இதற்குப் போடாதீர்கள். அது அந்தக் காலத்துத் தட்டை அடித் தோணி, ஏறக்குறைய 70 அடி நீளமும் 20 அடி அகலமுமாகப் பெட்டி மாதிரி இருக்கும். தூத்துக்குடித் தோணியின் வயிறு வேறு.

அதனால் நேரில் வந்து அளப்பதுதான் வழி. தென்மேற்குக் காற்று பலமாக இருக்கும் மாதங்களில் பழுதுபார்க்கக் கரையேற்றிய தோணி கிடைத்தால் தண்டலிடம் (தோணித் தலைவர்) அனுமதி கேளுங்கள், விஷயத்தைச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். தோணியின் பக்கவாட்டில் ஏராவுக்கு இணையாகத் தரையில் ஒரு கயிறு கட்டி, 5 அடிக்கு ஒரு இடத்தில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையிலிருந்து ஒவ்வொரு அடி உயரத்திலும் நூலுக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டு பேர், ஒரு நாள். கயிற்றிலிருந்து ஏராவின் நடு வரை உள்ள தூரத்தில் அந்த எண்களைக் கழித்து 50-ஆல் வகுத்தால் உங்கள் சட்டங்கள் தயார். மரத்தோணிகள் குறைந்துகொண்டே வருகின்றன, மாடல் செய்கிற நாம் எடுக்கிற அளவுதான் நாளைக்கு மிஞ்சும் என்பதால் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். இன்றைக்கு ஓடுபவற்றில் எஞ்சின் உண்டு, பின்பக்கம் அதற்கேற்ப மாறியிருக்கும், சுக்கான் பகுதியைத் தாத்தாவிடம் கேட்டுத் திருத்துங்கள்.

கோரிப்பாளையம் 77

கேட்டதற்கு நேரான பதில் இல்லை, மன்னிக்கவும். முதல் மாடலாக இருந்தால் ஒரு கிட் (பாகங்களும் வரைபடமும் சேர்ந்து வரும் பெட்டி) வாங்கிக் கை பழகிவிட்டுத் தோணிக்கு வரலாமே. நான் எச்.எம்.எஸ். விக்டரி என்ற பழைய இங்கிலாந்துப் போர்க்கப்பலில் ஆரம்பித்தேன், 104 பீரங்கி, கயிறு வேலை மட்டும் ஒரு வருஷம். நம் நாட்டு மரத்தில் கட்டிய கப்பல்தான் வேண்டும் என்றால் எச்.எம்.எஸ். டிரின்கோமலி இருக்கிறது, 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டியது, இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

கயிற்றுக்கு மட்டும் ஒரு யோசனை. 40 மி.மீ. கயிறு 1:50-இல் 0.8 மி.மீ. எல்லா இடத்துக்கும் ஒரே நூலைப் போட்டால் மாடல் பொம்மையாகிவிடும், நாலு கனத்திலாவது வேண்டும். பருத்தி நூல் வாங்கித் தேயிலை டிகாஷனில் முக்கிக் காயவைத்தால் தேங்காய்நார்க் கயிற்றின் நிறம் வரும். அப்புறம் நாட்டுமருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கி அதில் இழுத்துவிடுங்கள், பிசிறு அடங்கிவிடும்.

திருமங்கலம் பட்டறை

கிட் யோசனை நல்லதுதான், ஆனால் 82 வயதுக்காரருக்காகச் செய்கிறார், விக்டரியை முடித்துவிட்டு வரச் சொல்ல எனக்கு மனசில்லை. தோணிக்குப் பீரங்கி இல்லை, செதுக்கு வேலை இல்லை, உடம்பு சரியாக வந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பிரித்துவிட்டு முதலிலிருந்து வாருங்கள் தம்பி.

செல்லூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்றே பிரித்துவிட்டேன். பிரிப்பதற்கு முன்னால் சட்டங்களோடு தாத்தா கையில் கொடுத்தேன். கண் சரியாகத் தெரியாது, விரலால் தடவிக்கொண்டே வந்தவர் முன்பக்கம் வந்ததும் நிறுத்தி, "அணியம் இவ்வளவு ஒல்லியா இருக்காதுய்யா, அலையில குத்திரும்" என்றார். அணியம் என்றால் தோணியின் முன்பக்கம். அப்புறம் அடுப்புப் பெட்டி எங்கே இருந்தது, குடிதண்ணீர்ப் பீப்பாய் எங்கே என்று சொல்ல ஆரம்பித்தார், நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

வெட்பாலை சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை தூத்துக்குடி வருகிறேன், முத்துநகர் அண்ணே, தூக்குக்குண்டும் 30 மீட்டர் டேப்பும் எடுத்து வருகிறேன், மறுமுனையைப் பிடிக்க நீங்கள் வர முடியுமா? தாத்தாவும் வருவேன் என்கிறார், தோணிக்குப் பக்கத்தில் கார் போகுமா என்றும் சொல்லுங்கள்.

முத்துநகர்வாசி

நான் இருக்கிறேன் தம்பி. பழைய துறைமுகத்துப் பக்கம் கார் வரும், கடைசிக் கொஞ்சதூரம்தான் நடக்க வேண்டும். ஒரு நாற்காலி கொண்டு வருகிறேன். வெயிலுக்கு முன்னால் 7 மணிக்கு ஆரம்பிக்கலாம்.