தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வேப் (மின்சிகரெட்): கமிட்டி என்ன செய்யலாம்?

சிப்புட்காரன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நான் செயலாளர். போன தீமிதியன்று, மஞ்சள் வேட்டி கட்டிய பையன்களே தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் மாம்பழ வாசனையோடு புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட்டால் செம்பனை மரங்களுக்குள் போய்விடுகிறார்கள். உருப்படியாக ஏதாவது சொல்லுங்கள். போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, அதன் மேல் கச்சேரி விளம்பரத்தையும் ஒட்டிவிட்டார்கள்.

பழைய வாத்தியார்:
தம்பி, முதலில் பெரியவர்களைப் பாருங்கள். கமிட்டிக்காரரே காதில் சிகரெட் செருகிக்கொண்டு நின்றால் பையன் எப்படிக் கேட்பான்?

கடைக்காரர் மகள்:
அண்ணே, புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் (சட்டம் 852), 2024 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. 18 வயது ஆகாதவர்களுக்கு சிகரெட், வேப் எதையும் விற்கக் கூடாது. திருவிழாக் கடைகளுக்கு இடம் விடுவது நீங்கள்தானே? 'விற்றால் அடுத்த வருடம் இடம் கிடையாது' என்று வாடகைச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வியாபாரிக்கு அபராதத்தைவிட இடம் போவதுதான் பயம். எங்கள் அப்பாவைப் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

தாதி அக்கா:
பிடிபட்டவனை மைக்கில் பெயர் சொல்லித் திட்டாதீர்கள், அப்புறம் கோயில் பக்கமே வரமாட்டான். அரசாங்க கிளினிக்கில் புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் எம்குவிட் சேவை இருக்கிறது, அங்கே கூட்டிப் போங்கள். நிக்கோடின் பழகிய உடம்பு, நிறுத்தியதும் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். வீட்டில் அதைத் திமிர் என்று நினைத்து அடிக்கிறார்கள்.

சிப்புட்காரன்:
வாடகைச் சீட்டு யோசனையை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். வாத்தியார் ஐயா, எங்கள் பொருளாளரை நேரில் பார்த்தது மாதிரியே எழுதியிருக்கிறீர்கள். சரி, அவரிடம் யார் சொல்வது?