கேஷுவல்ட்டி நேர்காணலுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு

படித்ததும் கட்டாயமாகச் செய்யும் கம்யூனிட்டி சர்வீஸ் வருடம் முடிந்ததும் கையில் பட்டத்தோடு வேலை தேடும் நர்ஸ்கள் டர்பனில் எத்தனையோ பேர், அரசு மருத்துவமனையில் ஒரு இடம் வருவதே அபூர்வம், அதனால் வந்த அழைப்பை வீணாக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் போனது கேஷுவல்ட்டி, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவு வேலைக்கு. எதிரே மூன்று பேர், ஓரமாக யூனியன் பார்வையாளர்.

எல்லாருக்கும் ஒரே கேள்விகள், பதிலுக்குப் பதில் மார்க். உங்களுக்கு விஷயம் தெரியும் என்று அவர்களுக்கே புரிந்தாலும் நீங்கள் வாயால் சொல்லாததற்கு மார்க் போட முடியாது. கையுறை போடுவேன், பெயர் கேட்பேன், திரையை இழுத்து மூடுவேன், செய்ததை நேரத்தோடு எழுதி வைப்பேன், இதையெல்லாம் சொல்லுங்கள். தினமும் செய்வதுதானே என்று நம் ஆட்கள் விட்டுவிடுவது இவற்றைத்தான்.

எனக்கு வந்த பெரிய கேள்வி இது. ட்ரையாஜில், அதாவது வருகிறவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் இடத்தில், நீங்கள் மட்டும். மணிக்கட்டு முறிந்து கத்துகிற பையன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரர், வாரக்கணக்கில் இருமும் ஒரு பெண், மகள் தோளில் சாய்ந்து வியர்த்துப்போய்க் கண் சொருகும், இன்சுலின் போட்டுக்கொள்கிற ஒரு வயதான ஆயா. யாரை முதலில் பார்ப்பீர்கள்?

ஆயாவைத்தான் என்றேன். சத்தமே போடாதவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம், கூடவே விரலில் குத்தி குளுக்கோஸ், 3 mmol/L-க்குக் கீழே இருந்தால் சிவப்பு, அதாவது உடனே பார்க்க வேண்டியவர். உடனே எதிரே இருந்த ஒரு சிஸ்டர், "மகள் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கட்டுமா என்கிறாளே?" என்று குறுக்கே கேட்டார். நம் வீடுகளில் யாரும் முதலில் செய்வது அதுதான், ஆனால் அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், வேண்டாம் என்று மகளுக்குப் பொறுமையாகச் சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டு, ஐவி லைன் போட்டு, அதன் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பக் குளுக்கோஸ் பார்ப்பேன் என்றேன். நெஞ்சு வலிக்காரர் ஆரஞ்சு, 10 நிமிடத்துக்குள் ஈசிஜி. இருமுபவருக்கு முகக்கவசம் கொடுத்துக் காற்றோட்டமான இடத்தில் தனியாக உட்கார வைப்பது, ஏனென்றால் இங்கே டிபி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பையனுக்கு வலி மருந்து, கைக்குத் தாங்கல்.

தென்னாப்பிரிக்க ட்ரையாஜ் அளவுகோலை நேரங்களோடு மனப்பாடம் பண்ணுங்கள்: சிவப்பு உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 1 மணி நேரம், பச்சை 4 மணி நேரம். நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் போன்றவற்றைப் பார்த்துப் போடும் ட்யூஸ் மதிப்பெண் 7-க்கு மேல் போனால் மட்டும் சிவப்பு என்று நினைக்காதீர்கள், 7 வந்தாலே சிவப்புதான்.

அப்புறம் கிராஷ் ட்ராலி, உயிர் காக்கும் மருந்தும் கருவியும் வைத்திருக்கும் வண்டி. ஒவ்வொரு ஷிஃப்டிலும் சரிபார்த்துக் கையெழுத்து, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, ஆக்ஸிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது, எந்த மருந்து காலாவதி ஆகப்போகிறது. வார்டில் ஒரு நாள் நின்று டிராயர் டிராயராகத் திறந்து பாருங்கள், புத்தகத்தில் படித்து இது வராது.

*பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா ஒருவரின் பதில்:*

நன்றாகச் சொன்னாய் தங்கச்சி. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறேன். பாத்தோ பெலே, அதாவது மக்களுக்கே முதலிடம் என்ற அரசு சேவைக் கொள்கைகள் எட்டையும் ஒப்பிப்பவர்கள் நிறைய, "வரிசையில் இருப்பவர் கத்துகிறார், அந்தக் கொள்கைகளை வைத்து என்ன செய்வாய்?" என்றால் வாயடைத்துப் போகிறார்கள். எவ்வளவு நேரம் ஆகும், ஏன் ஆகும் என்று அவரிடம் நேராகச் சொல்வேன், நிலைமை மாறுகிறதா என்று மறுபடி வந்து பார்ப்பேன் என்று சொன்னாலே போதும். ஸூலு பேசத் தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள், எங்கே வலிக்கிறது என்று அவர்கள் மொழியில் கேட்க முடிகிறவர் எங்களுக்கு வேண்டும்.

டாக்டர் சொன்ன அளவு தப்பு என்று பட்டால் என்ன செய்வாய் என்றும் கண்டிப்பாகக் கேட்போம். மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி, அவரிடமே கேட்டு, சரியாகாவிட்டால் ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் போய், அத்தனையையும் எழுதி வைப்பேன் என்று சொல்லுங்கள். "டாக்டர் சொன்னால் செய்துதானே ஆக வேண்டும்" என்றவரை நான் எடுத்ததில்லை.

நர்சிங் கவுன்சிலின் அந்த வருடத்து பிராக்டிசிங் சான்றிதழ் கையில் இருக்கட்டும், அடுத்த வருடக் கட்டணத்துக்கு டிசம்பர் 31 கடைசி. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் இசட்83 படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூட வெறுமனே விடாதீர்கள், அதற்காகவே ஒதுக்கிவிடுவார்கள்.