கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக் காற்றூட்டத் தொட்டியில் நுரை, என்ன காரணம்? பார்த்தவர்கள் சொல்லுங்க

ஓசூர் பக்கம், ஆபரேட்டர்:

நுரைன்னு மட்டும் சொன்னா போதாது, நிறத்தைச் சொல்லுங்க. சோப்பு நுரை மாதிரி வெள்ளையாப் பொங்கினா ஸ்லட்ஜ் (கழிவைத் தின்னுற கிருமிகள் சேர்ந்த சேறு) இன்னும் இளசு. புதுசா ஓட ஆரம்பிச்ச நிலையத்திலும், ஸ்லட்ஜை அளவுக்கு மேல வெளியே எடுத்த நிலையத்திலும் இப்படி வரும். வெளியேற்றும் வால்வை மூடி ரிட்டர்னை, அதாவது படிவுத் தொட்டியிலிருந்து திருப்பி விடுற ஸ்லட்ஜைக் கூட்டுங்க. எம்.எல்.எஸ்.எஸ். (தொட்டித் தண்ணியில் மிதக்கிற ஸ்லட்ஜின் அளவு) லிட்டருக்கு 2,500 மில்லிகிராம் பக்கம் ஏறினா தானா அடங்கும்.

காப்பித்தூள் நிறத்தில் ஏடு கட்டி, தண்ணி பீய்ச்சினாலும் உடையாம நின்னா வேற கதை. ஸ்லட்ஜுக்கு வயசாகிப்போச்சு, கூடவே ஓட்டல் எண்ணெய். அள்ளி உலர்படுகையில் போடுங்க. இன்லெட்டிலேயே திரும்பக் கொட்டுறது களை விதையைத் தூவுற வேலை. ஸ்லட்ஜ் வெளியேற்றத்தை நாளுக்குப் பத்து சதவீதம் மட்டும் கூட்டுங்க. ஒரே நாளில் இரட்டிப்பாக்கினா அடுத்த வாரம் வெள்ளை நுரைதான்.

தர்மபுரி, லேப்:

நிறம் சரி சார், ஆனா அளவுஜாடி பொய் சொல்லாது. காற்றூட்டத் தொட்டியின் கடைசி முனையில் மாதிரி எடுத்து, ஒரு லிட்டர் ஜாடியில் ஊத்தி, 30 நிமிஷம் அசைக்காம நிழலில் வையுங்க. வெயிலில் வெச்சா ஜாடி சூடேறி உள்ளே நீரோட்டம் கிளம்பும், ஸ்லட்ஜ் படியாது. 300 மில்லிக்குப் படிஞ்சு, எம்.எல்.எஸ்.எஸ். 3,000 இருந்தா எஸ்.வி.ஐ. (ஒரு கிராம் ஸ்லட்ஜ் படிஞ்சு எத்தனை மில்லி இடம் பிடிக்குதுங்கிற எண்) 100. நல்ல எண். 150-ஐத் தாண்டினா கவனிக்கணும்.

800-லேயே நின்னுடுச்சா? உடனே இழைக்கிருமின்னு (நூல் மாதிரி நீண்டு ஸ்லட்ஜைப் படிய விடாத கிருமி) முடிவு பண்ணாதீங்க. அதே மாதிரியில் பாதியும், சுத்திகரிச்ச தண்ணி பாதியும் கலந்து மறுபடி வையுங்க. இப்போ சரசரன்னு படிஞ்சா ஸ்லட்ஜ் அதிகம், அவ்வளவுதான். அப்பவும் படியலைன்னா இழைக்கிருமி.

ஜாடியை இன்னும் ஒன்றரை மணி நேரம் அப்படியே விடுங்க. படிஞ்சது கட்டியா மேலே மிதந்து வந்தா அடியில் நைட்ரஜன் குமிழி விடுது. படிவுத் தொட்டியில் ஸ்லட்ஜ் தேங்குதுன்னு அர்த்தம், ரிட்டர்னைக் கூட்டணும்.

ஓசூர் பக்கம், ஆபரேட்டர்:

இழைக்கிருமின்னா முதல்ல காத்தடிக்கிற புளோயரைப் பாருங்க. கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் நிறுத்துற இடத்தில்தான் அது செழிக்கும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் பக்கம் இருக்கணும். நிறுத்தி நிறுத்தி ஓட்டினா டிஃப்யூசர் (தொட்டி அடியில் காத்தைக் குமிழியா விடுற கருவி) துளையில் ஸ்லட்ஜ் அடைக்கும். தொட்டியில் ஒரே இடத்தில் மட்டும் குபுகுபுன்னு கொதிச்சா அங்கே டிஃப்யூசரின் மெம்பிரேன் (துளை போட்ட மெல்லிய உறை) கிழிஞ்சிருக்கு. மத்த இடத்துக்குக் காத்து போகாது.

கிருஷ்ணகிரி, பராமரிப்பு:

செப்டிக் டேங்க் லாரியை யாரும் சொல்லலையே. 6,000 லிட்டர் லாரி, உள்ளே இருக்கிறதுக்கு பி.ஓ.டி. (கழிவைக் கிருமிகள் தின்னத் தேவைப்படுற ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 5,000 மில்லிகிராம்னு வெச்சா 30 கிலோ சுமை. சாதாரண சாக்கடைத் தண்ணி 250-ன்னா 1,20,000 லிட்டருக்குச் சமம். வரத்து குறைஞ்ச ராத்திரி நேரத்தில் மேன்ஹோலில் கவுத்துட்டுப் போனா, காலையில் தொட்டி கருத்து அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். இறக்குறதுக்குத் தனித் தொட்டி வெச்சு, கம்பிச் சல்லடை தாண்டி, 24 மணி நேரத்துக்குப் பரப்பி விட்டா அதே சுமை தெரியவே தெரியாது.

இன்னொண்ணு. ஒகேனக்கல் தண்ணி 2013-ல் வந்ததும் எல்லாரும் குழாயைத்தான் பேசினாங்க. ஆளுக்கு 135 லிட்டர் கொடுத்தா, 80 சதவீதக் கணக்குப்படி 108 லிட்டர் சாக்கடைக்கு வரும். குழாய் போட்ட ஊரில் சாக்கடைக்கும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கணும்.

புதுசா வந்தவர்:

ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தா பொங்குதே, அதுவும் இந்த நுரைதானாண்ணா?

தர்மபுரி, லேப்:

இல்லை தம்பி. அது தென்பெண்ணையில் மேலேருந்து சரியாச் சுத்திகரிக்காம வர்ற கழிவுநீரின் சோப்புச் சத்து. மதகில் விழும்போது காத்து கலந்து நுரைக்குது. நல்லா ஓடுற காற்றூட்டத் தொட்டியில் அந்தச் சோப்பில் பெரும்பகுதியைக் கிருமிகளே தின்னுடும். அணைக்கு வந்த பிறகு தண்ணி தெளிச்சு அமுக்கினா கண்ணுக்கு மட்டும்தான் மறையும். பாஸ்பரஸ் அப்படியில்லை. அதைத் தனியா எடுக்கிற ஏற்பாடு இல்லாத நிலையம் பாதிக்கு மேல கீழேதான் அனுப்பும். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுறது அதனாலதான்.

கிருஷ்ணகிரி, பராமரிப்பு:

ஐப்பசி மழைக்கு முன்னாடி படிவுத் தொட்டி ஸ்லட்ஜைக் குறைச்சு வெச்சுக்கோங்க. மழைத்தண்ணி பாதாளச் சாக்கடைக்குள்ள புகுந்து வரத்து மூணு மடங்கானா, தேங்கின ஸ்லட்ஜ் வெயர் (தண்ணி வழியுற விளிம்பு) தாண்டி நேரா ஓடைக்குப் போயிடும். உலர்படுகையையும் அதுக்குள்ள காலி பண்ணிடுங்க. வெயிலில் ரெண்டு வாரத்தில் காயுறது மழையில் மாசக்கணக்கா சேறாவே கிடக்கும்.