கடலூர்ப் பக்கம் கூட்டமில்லாத கடற்கரை எது?

லாஸ்பேட்டைவாசி:
வணக்கம். பொங்கல் விடுமுறைக்குத் தங்கை குடும்பத்துடன் பெங்களூரிலிருந்து வருகிறாள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் கருங்கல் மேல் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதோடு சரி. நோணாங்குப்பத்தில் படகேறிப் போகும் மணல்திட்டிலோ விடுமுறை நாள்களில் வரிசையிலேயே பாதி நாள் கழிந்துவிடும். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கடந்த ஞாயிறு மாலை போய், பஜ்ஜிக் கடைப் புகையோடு திரும்பினேன். எழுபது வயது அம்மாவும் இரண்டு சிறுவர்களும் உடன் வருவார்கள் என்பதால், காரில் போய் வரக்கூடிய, ஒலிபெருக்கிச் சத்தம் இல்லாத கடற்கரை ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

முதுநகர்க்காரர்:
நீங்கள் தெற்கே வருவதுதான் சரி. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டதால்தான் உங்கள் ஊர்க் கரை கருங்கல்லாகிப் போனது. கடலூர்–சிதம்பரம் சாலையில் புதுச்சத்திரம் வந்து கிழக்கே திரும்பினால் சாமியார்பேட்டை. சவுக்குத் தோப்பும் அகன்ற மணலும் மீனவர் படகுகளும் இருக்கும். வார நாளில் விடியற்காலை போங்கள். ஒன்பது மணிக்கு மேல் மணலில் நிழல் கிடையாது. கழிப்பறையை நம்பிப் போகாதீர்கள், அம்மாவுக்கு வழியிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தேவனாம்பட்டினத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். மாசி மகம் போன்ற நாள்களை விட்டுவிட்டு, சூரியன் எழும் முன் வந்தால் அது வேறு ஊர் போலத் தெரியும்.

குப்பத்துப் பிள்ளை:
கடலோரக் குப்பத்தில் பிறந்தவன் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். கூட்டமில்லாத கரை என்றால், முழுகுபவரைப் பார்க்கவும் ஆள் இல்லாத கரை என்று பொருள். எங்கள் பக்கம் தரை சட்டென்று இறங்கும். முழங்கால் அளவு நீரிலிருந்து இரண்டடி வைத்தால் மார்பளவு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகும் சில நாள்கள் அலை முரட்டுத்தனமாகவே இருக்கும். இருபுறமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் மட்டும் அடங்கினாற்போல் ஒரு பட்டை தெரிந்தால், வெளியூர்க்காரர்கள் அதுதான் பாதுகாப்பு என்று இறங்குகிறார்கள். கரையேறிய நீர் திரும்பிப் போகும் வழியே அது. சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கு நிற்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். பெண்ணையாறு கடலில் சேரும் தாழங்குடா போன்ற முகத்துவாரங்களில் குழந்தைகளை இறக்கவே வேண்டாம்.

கரைவலை இழுப்பவர்களைக் கண்டால் வலையைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். கேட்டால் கயிற்றைப் பிடிக்கக் குழந்தைகளையும் விடுவார்கள். குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடக்க வேண்டும். மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வந்ததும் துள்ளும் மீனுக்குள் குழந்தைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முள் குத்திவிடும்.

ஆமைநடை:
ஐயா, தை மாதம் என்பதால் ஒரு சேர்க்கை. இந்தக் கரைக்கு வரும் ஆலிவ் ரிட்லி கடலாமைக்குப் பங்குனி ஆமை என்ற பெயர் இருந்தாலும் சனவரியிலிருந்தே அது முட்டையிட வருகிறது. இரவில் கரையேறிக் குழி தோண்டி ஏறக்குறைய நூறு முட்டை இட்டுவிட்டுப் போகும். குஞ்சு வெளிவர ஏறக்குறைய 45 முதல் 60 நாளாகும். டிராக்டர் சக்கரம் உருண்டது போன்ற தடம் தெரிந்தால் அதன் மேல் நடக்காமல், அருகில் இருக்கும் மீனவர்களிடமோ வனத்துறையிடமோ சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முட்டையை எடுப்பதைத் தடை செய்கிறது. வலையில் சிக்கி மூச்சுமுட்டி இறந்த ஆமைகளும் இதே மாதத்தில் ஒதுங்குவதுண்டு. குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள், அப்படி ஒன்றைப் பார்த்த எங்கள் பேத்தி அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

லாஸ்பேட்டைவாசி:
அனைவருக்கும் நன்றி. நேற்று சாமியார்பேட்டைக்குப் போய்வந்தோம். ஆமைத் தடம் எதுவும் கண்ணில் படவில்லை. அம்மா படகோர நிழலில் உட்கார்ந்து, வலை பின்னிய பெரியவரிடம் ஒரு மணி நேரம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தார். என் அவசர புத்தியால் காரை மணலுக்குள் இறக்கிவிட்டேன். நான்கு பேர் வந்து டயரில் காற்றைக் குறைத்து, சக்கரத்தடியில் தென்னை மட்டை வைத்துத் தள்ளிவிட்டார்கள். பணம் வாங்க மறுத்துவிட்டதால், அன்று பிடித்த சங்கரா மீனில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தோம்.