முதல் லாங்போர்டு: கோவளம், மாமல்லபுரம் அலைகளுக்கு எதை வாங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் வார இறுதிகளில் அலைச்சறுக்கு கற்று வருகிறேன். இதுவரை பயிற்சிப் பள்ளியின் ஃபோம் பலகைகளை (மேற்பரப்பு மென்மையான நுரைப்பொருளால் ஆனவை) வாடகைக்கு எடுத்தே பழகியிருக்கிறேன். நுரை அலையில் எழுந்து நின்று கரை வரை வர முடிகிறது. உடையாத அலையையும் அவ்வப்போது பிடிக்கிறேன். எடை 74 கிலோ, உயரம் 5 அடி 8 அங்குலம், நீச்சல் நன்றாக வரும்.

இனிச் சொந்தமாக ஒரு லாங்போர்டு, அதாவது நீளமான அலைச்சறுக்குப் பலகை, வாங்க விரும்புகிறேன். அலை சிறுத்திருக்கும் நாளிலும் ஓரளவு பெருத்திருக்கும் நாளிலும் ஒரே பலகையை வைத்துச் சமாளிக்க வேண்டும் என்பதே என் தேவை. மூன்று பலகைகள் கண்ணில் பட்டுள்ளன: புதிய 9 அடி ஃபோம் பலகை, ஒருவர் பயன்படுத்திய 9 அடி 2 அங்குல எப்பாக்சி பலகை (எப்பாக்சி பிசினால் மேலோடு அமைத்த கடினப் பலகை; ஃபின் எனப்படும் அடிப்புறத் துடுப்புத் தகடுகளில் நடுவில் ஒன்று பெரியது, பக்கத்துக்கு ஒன்று சிறியது), 9 அடி 6 அங்குலத்தில் ஒற்றை ஃபின் கொண்ட, பழைய பாணியிலான கனத்த பலகை. மூன்றாவதுதான் பார்க்க மிக அழகாக இருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. அலை என்னைத் தூக்கும் நொடியில் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தி, நான் தலைகுப்புற விழுகிறேன். இது பலகையின் குறையா, என்னுடைய குறையா?

மறுமொழி 1 (கோவளத்தில் பயிற்சி அளிப்பவர்)

தம்பி, மூக்கு குத்துவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலகைத் தேர்வும் அதனோடு சேர்ந்ததுதான். அசையாத நீரில் பலகையின் மேல் குப்புறப் படுத்துப் பாருங்கள். மூக்கு நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று விரல் உயரத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேல் தூக்கினால் நீங்கள் பின்னால் தள்ளிப் படுத்திருக்கிறீர்கள், நீரைத் தொட்டால் முன்னால் தள்ளிப் படுத்திருக்கிறீர்கள். சரியான இடம் கிடைத்தவுடன் உங்கள் மோவாய் இருக்கும் இடத்தில் மெழுகால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அங்கேயே மோவாய் வரும்படி படுங்கள். அதன் பிறகும் குத்தினால், அலை மடியத் தொடங்கிய பிறகு தாமதமாகக் கிளம்புகிறீர்கள் என்று பொருள். இன்னும் சற்று முன்னதாகவே கைகளால் வேகமாகத் துழாவ வேண்டும்.

இருப்பினும், பலகைக்கும் இதில் பங்கு உண்டு. நீங்கள் அழகாக இருப்பதாகச் சொல்லும் மூன்றாவது பலகை, பலகையின் முனை வரை நடந்து சென்று நிற்பதற்காக வடிவமைக்கப்பட்டது. அதன் மூக்கு அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். நீளமாகச் சரிந்து மெதுவாக உடையும் அலையில் அது அற்புதமாகப் போகும். ஆனால் நம் கரையோரத்தில் பல இடங்களில் அலை கரைக்கு அருகே சட்டென்று செங்குத்தாக எழுந்து மடிகிறது. அங்கே தட்டையான மூக்கு எளிதில் குத்தும். கனமும் சேர்ந்திருப்பதால் திருப்பவும் நேரம் பிடிக்கும். அதைப் பிறகு வாங்கலாம்.

உங்கள் எடைக்கு 70 முதல் 85 லிட்டர் வரை கொள்ளளவு (பலகையின் மிதப்பைக் காட்டும் கன அளவு) இருப்பது நல்லது. நடு அகலம் ஏறக்குறைய 22 முக்கால் அங்குலம், தடிமன் 3 அங்குலம், மூக்கில் மிதமான மேல்வளைவு என்று இருந்தால் எல்லா நாளுக்கும் பொருந்தும். அந்த வகையில் இரண்டாவது பலகையின் அமைப்பே சரியானது. அலை பெருத்திருக்கும் நாளில் மூன்று ஃபின்களும் பலகையைப் பிடித்து நிறுத்தும். சிறுத்த நாளில் பக்க ஃபின்களைக் கழற்றிவிட்டு நடுவில் 9 அங்குல ஃபின் ஒன்றைப் பொருத்தினால், ஏறக்குறைய ஒற்றை ஃபின் பலகையாகவே அது நடந்துகொள்ளும். நடு ஃபினை, அது செருகப்படும் பெட்டிக்குள் பின்னால் தள்ளினால் பலகை நேராகவும் உறுதியாகவும் போகும், முன்னால் தள்ளினால் எளிதாகத் திரும்பும். தொடக்கத்தில் பின்னாலேயே வைத்திருங்கள்.

மறுமொழி 2 (பலகைகளைப் பழுது பார்ப்பவர்)

மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பயன்படுத்திய எப்பாக்சி பலகையைக் கையால் தொட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். அதன் உட்கரு பெரும்பாலும் தெர்மாகோல் வகையைச் சேர்ந்தது. மேலோட்டில் நகக்கண் அளவு விரிசல் இருந்தாலும் மணிகளின் இடுக்கு வழியாக நீர் உள்ளே ஊறிவிடும். கட்டை விரலால் பலகை முழுவதையும் அழுத்திக்கொண்டே வாருங்கள், குறிப்பாக நிற்கும்போது பின்பாதம் பதியும் இடத்தையும் ஃபின் பெட்டியைச் சுற்றியுள்ள பகுதியையும். எங்காவது அமுங்கி மீண்டால் அங்கே ஓடு உட்கருவிலிருந்து பிரிந்துவிட்டது. விரல் மூட்டால் தட்டினால் நல்ல இடத்தில் கணீரென்றும், பிரிந்த இடத்தில் பொத்தென்றும் ஒலிக்கும். பழுப்புக் கறை தெரிந்தால் நீர் புகுந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

முன்பு பழுது பார்த்திருந்தால் எந்தப் பிசினைப் பயன்படுத்தினார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். பாலியெஸ்டர் பிசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். வெளியே வழவழப்பாகத் தெரியும் ஒட்டுக்கு அடியில் வெறும் குழியே இருக்கக்கூடும்.

வெயிலையும் மறக்க வேண்டாம். கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் பலகையை விட்டுவைத்ததால் மேலோடு அப்பளம்போல் உப்பி வந்த பலகைகள் என்னிடம் ஆண்டுதோறும் வருகின்றன. ஃபோம் பலகையும் இதற்கு விலக்கு இல்லை.

மறுமொழி 3 (மாமல்லபுரத்திலிருந்து)

நான் ஃபோம் பலகைக்கே வாக்களிப்பேன். வார இறுதியில் நம் கரைகளில் குளிக்க இறங்குபவர்கள், குழந்தைகள், கரை திரும்பும் மீன்பிடிப் படகுகள் என்று எல்லாருக்கும் நடுவில்தான் நீங்கள் அலை பிடிக்கிறீர்கள். கைநழுவிய 9 அடி கடினப் பலகை ஒரு குழந்தையின் மேல் பட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே அச்சமாக இருக்கிறது. கடற்கரைக் கோயிலைக் காக்கக் கொட்டியிருக்கும் பாறைகளில் கடினப் பலகை ஒருமுறை மோதினாலே பழுதுபார்ப்பவரைத் தேடி ஓட வேண்டியிருக்கும். ஃபோம் பலகை அந்த அளவுக்கு நொறுங்காது.

குறையும் உண்டு. பிற்பகலில் கடற்காற்று எழுந்து நீர்ப்பரப்பு கலங்கிய பிறகு ஃபோம் பலகை துவண்டு தடுமாறும். அலையின் முகத்தில் குறுக்கே போகும்போது விளிம்பு கடினப் பலகையைப்போல் பற்றாது. காலையிலேயே இறங்கிவிடுபவருக்கு இது பெரிய இடர் அல்ல. வாங்குவதானால் உள்ளே நீளவாக்கில் குறைந்தது இரண்டு மரச்சட்டங்கள் ஓடும் பலகையாகப் பாருங்கள். இல்லாதவை விரைவில் நடுவில் வளைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மெழுகுக் கோடு போட்டுப் பார்த்தேன். மூக்கு குத்துவது வெகுவாகக் குறைந்துவிட்டது, இவ்வளவு காலம் ஒரு கையளவு முன்னால் தள்ளிப் படுத்திருக்கிறேன். எப்பாக்சி பலகையையும் நேரில் பார்த்தேன். கொள்ளளவு 76 லிட்டர் என்று அடியில் எழுதியிருக்கிறது. மேற்பரப்பு எங்கும் அமுங்கவில்லை. ஆனால் நடு ஃபின் பெட்டியின் ஓரத்தில் மயிரிழை விரிசல் ஒன்று ஓடுகிறது. அங்கே கட்டை விரல் லேசாக அமுங்குகிறது. விற்பவர் விலையைக் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

மறுமொழி 2

வேண்டாம். பலகையின் பாரம் முழுவதும் திரும்பும்போது அந்தப் பெட்டியில்தான் இறங்குகிறது. பெட்டியை வெட்டி எடுத்து, உட்கருவை உலர்த்தி, எப்பாக்சி பிசினால் மீண்டும் பதிப்பது பெரிய வேலை. குறைத்துக் கொடுக்கும் விலை அதற்கே போய்விடும்.

மறுமொழி 1

நானும் அதையே சொல்கிறேன். இப்போது 9 அடி ஃபோம் பலகையை வாங்குங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வரும் அலைகளில் பழகினால் உங்களுக்கு எந்த வளைவு, எந்த விளிம்பு வேண்டும் என்று நீங்களே சொல்வீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை உள்ள நாளில் எந்தப் பலகையோடும் இறங்க வேண்டாம். பலகையோடு வரும் காற்கயிறு (காலையும் பலகையையும் இணைப்பது) குட்டையாக இருந்தால் மாற்றிவிடுங்கள்: 9 அடி நீளம், 7 மில்லிமீட்டர் தடிமன். ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் அது பலகையோடு சேரும் இடத்தில் உள்ள சிறு கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.