நான்காவது டவுன், 3 யார்டு: அந்த இரவு நீங்கள் எங்கிருந்து பார்த்தீர்கள்?

நீலலாடம்:

2015 அக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. இண்டியானாபோலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தின் மேல் தளத்தில் நானும் என் மச்சினனும் உட்கார்ந்திருந்தோம். அவன் ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அமெரிக்க ஃபுட்பாலை நேரில் பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் முறை.

எதிரணி பேட்ரியட்ஸ். அந்த வருட ஜனவரியில் எங்கள் ஊர் அணியான கோல்ட்ஸை 45-7 என்று தோற்கடித்த அதே அணி. பந்தில் காற்றைக் குறைத்த விவகாரம் வெடித்ததும் அந்த ஆட்டத்தில்தான். அதற்காக அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) டாம் பிராடிக்கு விதித்த 4 ஆட்டத் தடையை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால் அவரும் களத்தில் இருந்தார். ஊர் முழுக்க இந்த இரவுக்காகக் காத்திருந்தது. முதல் பாதி முடிந்தபோது நாங்கள் 21-20 முன்னிலை. எங்கள் மைக் ஆடம்ஸ் பிராடியின் பந்தைப் பறித்து டச்டவுனுக்கு, அதாவது எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி, ஓடியபோது கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாவது கால் பகுதியின் கடைசியில் 21-27 என்று பின்தங்கியிருந்தோம். பந்து எங்கள் பக்கத்து 37 யார்டு கோட்டில், நான்காவது டவுன், இன்னும் 3 யார்டு தேவை. இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். கடைசி வாய்ப்பிலும் முன்னேறாவிட்டால் பந்து அதே இடத்தில் எதிரணிக்குப் போய்விடும். அதனால் சொந்தப் பக்கத்தில் இருக்கும்போது பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்துவிடுவார்கள். அதுதான் பன்ட். பன்ட்தானே என்று பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து காபி வாங்கப் போய்விட்டார்.

அப்புறம் நடந்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கோல்ட்ஸ் ஆட்டக்காரர்கள் ஒன்பது பேர் வலது ஓரத்துக்கு நகர்ந்து போனார்கள். பந்துக்குப் பக்கத்தில் மிஞ்சியது இரண்டே பேர். பந்தின் மேல் குனிந்து நின்றவர் கிரிஃப் வேலன், அவருக்குப் பின்னால் கோல்ட் ஆண்டர்சன். பேட்ரியட்ஸ் ஆட்களோ பந்துக்கு எதிரிலேயே நின்றார்கள். "என்ன மாமா, இவங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போயிட்டாங்க?" என்று மச்சினன் கேட்டான். எதிரணியைக் குழப்பிப் பார்க்கிறார்கள், பந்தை எடுக்க மாட்டார்கள் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, வேலன் பந்தைப் பின்னால் தள்ளிவிட்டார். ஆண்டர்சன் நின்ற இடத்திலேயே சாய்க்கப்பட்டார். ஒரு யார்டு இழப்பு. வரிசை விதிப்படி இல்லை என்று நடுவரின் மஞ்சள் கொடியும் விழுந்தது. ஸ்டேடியம் இரண்டு மூன்று விநாடி வாயடைத்துப் போயிருந்தது, அதன் பிறகுதான் கூச்சல் வந்தது.

கையில் கிடைத்த பந்தை பேட்ரியட்ஸ் டச்டவுனாக்கினார்கள். 34-21. கடைசியில் 34-27 என்று தோற்றோம்.

திட்டம் என்னுடையது, பொறுப்பும் என்னுடையது என்று பயிற்சியாளர் சக் பகானோ ஆட்டம் முடிந்ததும் சொன்னார். பன்ட் அணி களத்தைவிட்டுப் போவதுபோல் நகர்ந்தால் எதிரணி அவசரத்தில் ஆள் மாற்றும், 12 பேர் களத்தில் சிக்குவார்கள், அல்லது யாராவது முந்திக் கோட்டைத் தாண்டுவார்கள், அந்தத் தவறுக்குத் தண்டனையாகத் தேவையான யார்டு நமக்குக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. இரண்டும் நடக்காவிட்டால் பந்தையே தொடக்கூடாது. இவ்வளவும் எனக்குப் புரிகிறது. ஆனால் கோல்ட்ஸின் பன்டர் (பன்ட் உதைப்பவர்) பாட் மெக்காஃபி பின்னாளில் சொன்னதைக் கேட்ட பிறகுதான் என் கோபம் இரட்டிப்பானது. பந்தைத் தள்ளும் வேலையைப் பயிற்சியில் செய்து பார்த்தவர் கிளேட்டன் கெதர்ஸ். அவருக்குக் காயம் என்பதால் வேலன் வந்து நின்றார். எப்போது தள்ளக்கூடாது என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை.

துணிந்து ஆடியதற்காக நான் பகானோவைக் குறை சொல்ல மாட்டேன். செய்து பார்க்காத ஒருவரை 60,000 பேர் முன்னால் நிறுத்தியதுதான் என்னால் பொறுக்க முடியாதது. நீங்கள் அந்த இரவை எங்கே, யாரோடு பார்த்தீர்கள்? எழுதுங்கள்.

கொலம்பஸ்வாசி:

அண்ணா, நான் இண்டியானாவிலேயே இருக்கும் கொலம்பஸில், பக்கத்து வீட்டுப் பெரியவரின் பேஸ்மென்டில் பார்த்தேன். ரொம்ப வருடம் பள்ளிப் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த ஆட்டம் முடிந்ததும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, காகித நாப்கின் ஒன்றை எடுத்துப் பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்தார். பந்தை எடுக்கும் அணியில் குறைந்தது ஏழு பேர் பந்து இருக்கும் கோட்டின் மேல் நிற்க வேண்டும். வலது பக்கம் போனவர்கள் கோட்டைவிட்டுத் தள்ளி நின்றார்கள். அதனால்தான் கொடி.

அதற்குப் பிறகு அவர் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. ஆண்டர்சன் எப்படியோ தப்பி 3 யார்டைத் தாண்டியிருந்தாலும் அது செல்லாது. பேட்ரியட்ஸ் அந்தத் தவறைச் சுட்டியே திருப்பி வாங்கியிருப்பார்கள். அதாவது அவர்கள் நின்ற நிலையில் பந்தைத் தொட்ட நொடியே நமக்குக் கிடைக்க ஒன்றுமில்லை.

மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் எல்லோர் வாயிலும் வேலன் பெயர்தான். முட்டாள் என்றார்கள், இன்னும் மோசமாகவும் சொன்னார்கள். பெரியவர் வரைந்த நாப்கினை நான் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை மேசைமேல் விரித்து, இந்த மனிதர் தன் வழக்கமான இடத்திலேயே இல்லை, இவர் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் என்று விளக்கினேன். இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

பாஸ்டன்பக்கம்:

நான் பேட்ரியட்ஸ் ரசிகன். உங்கள் வலியைக் கிளற வரவில்லை, எங்கள் பக்கத்தில் பார்த்த ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன். கோல்ட்ஸ் அப்படி நகர்ந்தபோது எங்கள் ஆட்கள் பதறி ஓடவில்லை. பந்துக்கு எதிரில் போதுமான ஆட்களை வைத்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்தபோதே கைவிட்டிருக்க வேண்டிய திட்டம் அது.

இதே 2015 ஜனவரியில் ரேவன்ஸ் அணிக்கு எதிராக நாங்களும் ட்ரிக் ப்ளே, அதாவது எதிரணியை ஏமாற்றும் தந்திர ஆட்டம், ஆடினோம். பிராடி பக்கவாட்டில் எறிந்த பந்தை ஜூலியன் எடெல்மன் வாங்கி, டேனி அமென்டோலாவுக்கு 51 யார்டு டச்டவுனாக வீசினார். 35-31 என்று வென்றோம். எடெல்மன் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். பந்தை வீசத் தெரிந்தவர் கையில்தான் அந்தப் பந்து போனது. நீலலாடம் சொல்வது இதைத்தானே?

ஃபில்லியில்_ஒருத்தி:

ஆமாம் அண்ணா, எங்கள் ஊர்க் கதையும் அதேதான். 2018 பிப்ரவரி 4, சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல். கோல் கோட்டுக்கு ஒரு யார்டில் நான்காவது டவுன். எங்கள் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பயிற்சியாளர் டக் பீடர்சன் மூன்று புள்ளிக்கு உதைக்காமல் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸையே பந்தைப் பிடிக்க அனுப்பினார். பந்தை வீசியவர் ட்ரே பர்டன், அவரும் கல்லூரியில் குவார்ட்டர்பேக் வேலை பார்த்தவர். பயிற்சியில் ஓட்டிப் பார்த்த ஆட்டம் அது. 41-33 என்று வென்றோம், ஊரே தெருவில் இறங்கியது. அந்த இரவு முன்பின் தெரியாத ஒரு பாட்டி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

ஆரஞ்சு_ரிப்பன்:

எனக்கு இதை எழுதுவதே கஷ்டமாக இருக்கிறது. 2012-இல் பகானோ இந்த ஊருக்குப் பயிற்சியாளராக வந்த முதல் சீசனிலேயே அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவருக்காக ஆட்டக்காரர்கள் தலையை மொட்டையடித்துக்கொண்டார்கள். ஊர் முழுக்க அவர் பெயரில் டி-ஷர்ட். என் அம்மாவும் அந்த வருடம் ஊரில் அதே மாதிரி ஒரு நோய்க்குச் சிகிச்சையில் இருந்தார். டிசம்பர் கடைசியில் பகானோ மறுபடி களத்தோரம் வந்து நின்றதை அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "பாரு, எழுந்து வந்துட்டாரு" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதனால் யார் அவரைத் திட்டினாலும் நான் சண்டைக்குப் போவேன். ஆனால் அந்த ஞாயிறு இரவு, அவரை நேசிக்கிறவளாகவே எனக்குக் கோபம் வந்தது. பொறுப்பு என்னுடையது என்று அவர் சொன்னதை மதிக்கிறேன். அப்படிச் சொன்ன பிறகும் வருடக்கணக்காகத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருப்பது வேலன் குனிந்து நிற்கும் அந்தக் காட்சிதானே? அந்த அவமானத்தை அவரிடமிருந்து யார் வாங்கிக்கொள்ள முடியும்?

நீலலாடம்:

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் மேலே விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வந்தது.

34-21 ஆனதும் நிறையப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மச்சினன் கடைசிவரை பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் நாங்கள் மட்டும் இருந்தோம், சுற்றிலும் காலி நாற்காலிகள். ஆட்டம் முடிய ஓரிரு நிமிடம் இருக்கும்போது எங்கள் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் ஒரு பந்தை வீசினார், டச்டவுன். பிடித்தவரின் பெயர் திரையில் வந்தது. மச்சினன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மாமா, முன்னாடி குனிஞ்சு நின்னாரே, அவர்தானே இவர்?"

ஆமாம், அவரேதான் என்றேன். எழுந்து நின்று கைதட்டினோம்.